நதியா பார்த்துச் சொன்ன வண்டி

குமரகுரு போனை வைத்த பிறகும் நதியா அந்தப் போனையே முறைத்துக்கொண்டு நின்றாள். பாவம், போன் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன், நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் கை வைப்பேன் என்று இரண்டு வாரமாக உயிரை எடுத்த மனுஷன், இன்றைக்குக் காலையில், "இல்லம்மா, வேணாம்மா, நான் வேற ஆள வெச்சிப் பாத்துக்கறேன்" என்று இழுத்தார். ஏன் என்று கேட்டதற்கு மென்று முழுங்கினார். அவள் விடுவாளா? கடைசியில் கக்கிவிட்டார். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி கைலாசம் போன தை மாதம் வாங்கிய கார் அடிபட்ட வண்டியாம். அதைப் பார்த்துவிட்டு "வாங்குங்க" என்று சொன்னது நதியாவாம். தெருவே பேசிக்கொள்கிறதாம்.

"யாரு சொல்றது?"

"கைலாசத்தோட சம்சாரம், கமலவேணியம்மாதான் சொல்லிக்கினு இருக்காங்க. நான் சொன்னேன்னு போய் சொல்லிடாதம்மா."

நதியாவுக்குக் கோபம் வந்தால் துப்பட்டா தோளிலிருந்து இறங்கி இடுப்பில் ஏறிவிடும். அன்றைக்கு அது ஏறிய வேகத்தில் மேஜை மேல் இருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஐயம்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை, பை நிறைய கருவிகள், காரின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஒரு ஸ்கேனர், இவ்வளவுதான் அவள் சொத்து. மீதியெல்லாம் அவள் வாய்ச்சொல். அப்பா சாமுவேல் திருமுக்கூடல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். மகளை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். அவள் ஒன்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, மேலே டேப் சுற்றுகிற வேலை. நாளுக்கு எத்தனை கட்டு என்று கணக்கு வைத்துச் சுற்றிச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது என்ன ஒயர், எங்கே போகிறது என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். தொழிற்சாலையில் ஆளைக் குறைத்தார்கள். அழுதுகொண்டு வீட்டில் உட்காராமல் அவள் இந்தக் கொட்டகையைப் போட்டாள்.

முதலில் ஊர் சிரித்தது. பொம்பளை, அதுவும் காலனிப் பெண், அவள் பார்த்துச் சொல்லி நாம் வண்டி வாங்குவதா? சிரித்தவர்களில் நாலு பேர் நசுங்கிய வண்டியை வாங்கி நடுரோட்டில் நின்ற பிறகு சிரிப்பு அடங்கியது. அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நதியா வண்டிக்கு அடியில் படுத்து, டிக்கியைத் தூக்கி, கம்பளத்தை உரித்து, கதவு ஓரத்து பெயிண்டை நகத்தால் சுரண்டி ஒரு மணி நேரம் பார்ப்பாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றுதான் சொல்வாள். "வாங்குங்க." இல்லாவிட்டால், "ஓடுங்க." ஏழு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அந்தப் பேர் போய்விட்டால் கொட்டகையில் மிஞ்சுவது தகரம்தான். அது அவளுக்குத் தெரியும்.

பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். புருஷன் சத்யராஜ் ஓட்டுகிற ஷேர் ஆட்டோ அந்த நேரம் பார்த்து வந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

"போய் சண்ட கிண்ட போடாத," என்றான் சத்யராஜ், கண்ணாடியில் துப்பட்டாவின் இடத்தைப் பார்த்துவிட்டு.

"சண்ட போடப் போவல. வண்டியப் பாக்கப் போறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு வழி நெடுக அவள் பேசிய பேச்சில், ஆட்டோவில் இருந்த ஆறு பேருக்கும் விஷயம் அத்துப்படியாகிவிட்டது. பூக்கூடைக்கார அம்மா ஒருவர் தன் நிறுத்தத்தைத் தாண்டியும் இறங்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையார்பாளையம் முனையில் நதியா இறங்கும்போது, "உடாத பாப்பா, கேளு!" என்று குரல் கொடுத்தார்.

கைலாசம் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்து கமலவேணி நின்றார். நதியா வருவதை முனையிலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"வாம்மா, வா. உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன்," என்றார் கமலவேணி. குரல் எதிர்வீட்டு தேவகிக்கும் கேட்கிற அளவில் இருந்தது. "நல்ல வண்டின்னு சொன்னியே? போய் உள்ள பாரு. செவப்பு லைட்டு கண்ண உருட்டிக்கினு நிக்குது."

"லைட்டு எரிஞ்சா எனக்குப் போன் போட வேணாமாக்கா? தெருவுக்கா போன் போடுவீங்க?"

"பெரிய சர்வீஸ் சென்டர்லயே காட்டியாச்சு. அவங்க எழுதியே குடுத்துட்டாங்க." கமலவேணி ஒரு காகிதத்தை நீட்டினார். "பழைய ஆக்சிடென்ட் வண்டியா இருக்கும்னு அந்தப் பையன் சொன்னான். என் நாக்குல பொய் வராது."

நதியா படித்தாள். இடது பக்க சீட் பெல்ட்டின் பிரிடென்ஷனர் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லவில்லை, தொடர்பு இல்லை, பெல்ட்டையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று அச்சடித்திருந்தது. ஒருத்தனும் சீட்டுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தில் முழங்கால் அழுக்கு தெரியுமா என்ன, ஆனால் அவளுக்குத் தெரியும்.

"அப்படின்னா இன்னா சாமான் அது?" என்றார் கமலவேணி.

"வண்டி எதுலயாவது மோதுச்சின்னு வெச்சிக்கங்க, பெல்ட்ட வெடுக்குன்னு இழுத்து உங்கள சீட்டோட சேத்துப் புடிக்குமே, அது. உள்ள துளியூண்டு வெடிமருந்து இருக்குது. கம்ப்யூட்டரு சதா அதக் கேட்டுக்கினே இருக்கும், இருக்கியா, இருக்கியான்னு. அது இருக்கேன்னு சொல்லணும். சொல்லலைன்னா லைட்டு."

"அது இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"

"அதக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

வீட்டுக்குள் தறியில் உட்கார்ந்திருந்த கைலாசம் இந்தச் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். ஒல்லியான மனுஷர், தெருவிலேயே கைச்சுத்தமான நெசவு என்று பேரெடுத்தவர். நதியாவைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு ஒரு தினுசாக இருந்தது. கடன்காரனைப் பார்த்தால்கூட யாரும் அப்படி விழிக்க மாட்டார்கள்.

"இன்னாத்துக்கும்மா உனக்குக் கஷ்டம்? லைட்டு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. அத மட்டும் அணைச்சி உட்டுடு, போதும்," என்றார்.

"அணைக்கறதுக்கு இது இன்னா குண்டு பல்பாண்ணா?" என்றாள் நதியா. அவர் மேல் அவளுக்கு அப்போது சந்தேகமே இல்லை. நல்ல மனுஷர், சண்டை வேண்டாம் என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா உக்காந்துட்ட?"

"பத்து நிமிஷம் சும்மா இருக்கணும்க்கா. உள்ள தேங்கின கரெண்ட்டு வடியணும். இல்லைன்னா மருந்து வெடிச்சிடும்."

சும்மா இருப்பதுதான் நதியாவுக்கு வராத வேலை. அதிலும் எதிரே கமலவேணி. பத்து நிமிஷமும் இரண்டு பேரும் வண்டியை விட்டுவிட்டு, போன வருஷம் நதியா இந்தத் தெருவுக்கு வண்டி பார்க்க வந்தபோது குழாயடியில் வந்த தகராறுவரை போய்த் திரும்பினார்கள். கைலாசம் நடுவில் மோர் கொண்டுவந்தார். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்தார். மறுபடி மோர் கொண்டுவந்தார்.

"அண்ணா, எனக்கு ஒரு வயிறுதான் இருக்குது," என்றாள் நதியா.

பிறகு இடது பக்க சீட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்தாள். பெல்ட்டைச் செருகுகிற கொக்கி தன் உயரத்தில் கம்பீரமாக நின்றது. பெரிய மோதலில் அடிபட்ட வண்டியாக இருந்தால் மருந்து வெடித்து அது கீழே இழுபட்டிருக்கும். இது பொட்டென்றுகூட வெடித்ததில்லை. முதல் மூச்சு வந்தது நதியாவுக்கு.

கொக்கியிலிருந்து வருகிற மஞ்சள் பிளக்கைக் கழற்றினாள். சாதாரண மீட்டர் ஊசியை அதில் வைக்கக் கூடாது, வெடிக்கும். அதனால் பிரிடென்ஷனருக்குப் பதிலாக, அதே அளவு மின்தடை உள்ள ஒரு குட்டி டூப்ளிகேட்டைப் பிளக்கில் செருகினாள். பேட்டரியை மாட்டி ஸ்கேனரை வைத்து, கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருந்த பழைய பிழைக் குறியை அழித்தாள். லைட் அணைந்தது.

"பாத்தியா, சாமானுதான் கெட்டுப்போயிருக்குது," என்று கமலவேணி ஆரம்பித்தார்.

"இருங்கக்கா. வாய்க்கு ஒரு நிமிஷம் லீவு குடுங்க."

சீட்டை முன்னால் தள்ளினாள். லைட் எரிந்தது. பின்னால் தள்ளினாள். பிழைக் குறியை அழித்தால் அணைந்தது. மறுபடி முன்னால் தள்ளினாள். எரிந்தது. அசல் சாமானே இப்போது பிளக்கில் இல்லை, டூப்ளிகேட்தான் இருக்கிறது. அப்படியும் பதில் வரவில்லை என்றால் பெல்ட்டில் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை. தரையிலிருந்து சீட்டுக்கு ஏறுகிற ஒரு முழ ஒயரில்தான் குற்றம். அதுவும் சீட்டு நகரும்போதுதான்.

"இந்த சீட்டை யாராச்சும் முன்ன பின்ன நகத்தினீங்களா?"

"நான்தான் நகத்தினேன். கால் எட்டலன்னு. பத்து நாளாச்சு. அன்னிலருந்துதான் இந்த லைட்டு," என்றார் கமலவேணி.

கைலாசம் தொண்டையைச் செருமிவிட்டு, மோர்ச் செம்பைக் கழுவ உள்ளே போனார்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். வெட்டு இல்லை. நசுங்கல் இல்லை. எலி கடித்த தடம் இல்லை. மஞ்சள் ஒயர் பளிச்சென்று ஓடியது. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் ஒன்றுமில்லை. நிஜமாகவே தை மாதம் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா? குமரகுரு போனார், இனி ஒவ்வொருவராகப் போவார்கள். டார்ச்சை அணைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தொழிற்சாலையில் செய்வது போல, ஒயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு மெதுவாக உருவினாள்.

டேப் சுற்றினால் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறியிருக்கும். விரலில் படிப்படியாகத் தட்டும். ஒன்பது வருஷம் தட்டிய தட்டு அது. ஒரு இடத்தில், விரல் நீளத்துக்கு, படி நின்றுபோனது. வழவழவென்று இருந்தது. பசை இல்லை. கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது.

நதியா கண்ணைத் திறந்தாள். டேப் இல்லை, பட்டு. அதே மஞ்சளில் சாயம் ஏறிய பட்டு இழை, இழைக்குப் பக்கத்தில் இழையாக, மயிரிழை இடைவெளி இல்லாமல் சுற்றியிருந்தது. ஊசியால் நுனியைக் கண்டுபிடித்துப் பிரித்தாள். உள்ளே அறுந்த செம்புக் கம்பியின் இரண்டு முனைகளையும் நெசவாளிகள் பாவு இழையைச் சேர்ப்பார்களே, முடிச்சே தெரியாமல் முறுக்கி, அப்படி முறுக்கிச் சேர்த்திருந்தது. எட்டாத இடத்துக்கு ஜரிகை வைத்து ஒட்டுப் போட்டிருந்தது.

பிரித்த இழையை ஆத்திரத்தோடு விரலில் சுற்றினாள். அதே சமயம், சும்மா சொல்லக் கூடாது, இவ்வளவு அழகான ஒட்டை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

கமலவேணி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடியிருந்தார். வாசலில் கைலாசம் மட்டும் நின்றார்.

"அண்ணா," என்றாள் நதியா தாழ்ந்த குரலில். "இங்க வாங்க."

வந்தார். விரலில் தொங்கிய பட்டு இழையைப் பார்த்தார். பிறகு தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"படமரத்த ஏத்திக்கினு போனேம்மா," என்றார் ரகசியமாக. நெய்த சேலையைச் சுருட்டுகிற உருட்டு மரத்தைத்தான் சொன்னார். "மரம் விரிசல் உட்டுடுச்சி, ஆசாரிகிட்ட காட்டணும்னு. நீளம் ஜாஸ்தி, சீட்டுக்கு அடியில உட்டு இடிச்சேன். ஒயரு பட்டுனு அறுந்துச்சி. லைட்டு வந்துடுச்சி. தறி சாமான் இந்த வண்டில ஏறவே கூடாதுன்னு கமலா ஏகாம்பரநாதர் சந்நிதியில என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. அவ பூ வாங்கப் போன நேரத்துல சேத்துட்டேன். லைட்டு அணைஞ்சிடுச்சில்ல?"

"ஜரிகைய வெச்சா?"

"வெள்ளிதானம்மா? கரெண்ட்டு போவாதா?" அவருக்கே தாங்கவில்லை, கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. "சர்வீஸ் சென்டர்காரன் கண்ணுக்கே தெரியல பாத்தியா? உனக்கும் மூணு தபா பாத்தப்பவும் தெரியல."

"தெரியலண்ணா. அதனால தெருவே என்னக் காறித் துப்புது. குமரகுரு ஞாயித்துக்கிழம வராதன்னுட்டாரு. நீங்க உள்ள உக்காந்து நெய்ஞ்சிக்கினு இருந்தீங்க."

கைலாசத்தின் பெருமை சுருங்கியது. "ரெண்டு நாள்ல அடங்கிடும்னு நெனச்சேன். ஒரு லைட்டுக்குப் போயி..."

"லைட்டுக்கா?" நதியா ஒயரைத் தூக்கிக் காட்டினாள். "இது லைட்டு ஒயரில்லண்ணா. வண்டி மோதினா பெல்ட்ட இழுன்னு சேதி போற ஒயரு. உங்க ஜரிகை நகந்துச்சின்னா சேதி போவாது. பெல்ட்டு இழுக்காது. இந்த சீட்டுல யாரு உக்காருவாங்க?"

கைலாசம் அந்த இடது சீட்டைப் பார்த்தார்.

"போன வாரம் வந்தவாசிக்கு உங்க பொண்ணு கலைவாணி வீட்டுக்குப் போய் வந்தீங்கன்னு அக்கா சொன்னாங்களே. அப்ப யாரு உக்காந்திருந்தாங்க?"

கைலாசம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவாசி ரோட்டில் எத்தனை லாரி, எத்தனை மணல் டிராக்டர், எத்தனை தடவை பிரேக் அடித்தோம் என்று அவர் மனசு ஓடியிருக்க வேண்டும். நீங்களாகச் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்க நதியா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் எழுந்தார்.

"கமலா!" என்று கத்தினார். அந்த வீட்டில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. எதிர்வீட்டு தேவகி வெளியே வந்துவிட்டாள். "கமலா, இங்க வா. தப்பு என்னுது. நதியாமேல ஒண்ணும் இல்ல. வண்டி நல்ல வண்டி. நான்தான் கெடுத்தேன்."

கரண்டியோடு வந்த கமலவேணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். படமரத்தை, சத்தியத்தை, ஜரிகையை, எதையும் விடவில்லை. கடைசியில், "உன் உசுர நூல்ல கட்டித் தொங்க உட்டிருக்கேன், தெரியாமயே," என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார்.

கமலவேணி முதலில் படமரத்துக்குத் திட்டினார். அடுத்து சத்தியத்துக்குத் திட்டினார், அது கொஞ்சம் நீளமாகவே போனது. தன் உயிரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் புருஷன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு நதியா பக்கம் திரும்பினார்.

"உன்ன இன்னா பேச்சு பேசிட்டேன்," என்றார். "நீ திருப்பி என்ன நாலு கேளு."

"பேட்டரி வடியறப்பவே கேட்டுட்டேன்க்கா."

"அது குழாய்த் தகராறுக்கு." கமலவேணி மறுபடி கைலாசத்தைப் பார்த்தார். "கெளம்புங்க."

"எங்க?"

"நான் எந்தெந்த வீட்டுல சொன்னேனோ அந்தந்த வீட்டுக்கு. குமரகுரு வீட்டுக்கும்தான். போயி இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லிட்டு வாங்க."

"நீ சொன்னா ஆவாதா?"

"நான் போனா, கமலவேணி ஒரு நாளைக்கு ஒண்ணு பேசறான்னுவாங்க. நீங்க வாயத் தொறக்கறதே அபூர்வம். நம்புவாங்க."

கைலாசம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நதியா பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி சீட்டுக்கு அடியில் நுழைந்தாள். ஒட்டுப் போடுகிற இடமில்லை இது, முழு ஒயர்த் துண்டையும் மாற்ற வேண்டும். புதுசு வர இரண்டு நாள் ஆகும், அதுவரை இந்த சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று கமலவேணியிடம் கறாராகச் சொன்னாள். பழைய துண்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் பகல் நேரத்தில் ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பேச வேண்டுமென்றால் தறியை நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை காதில் விழாது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தெருச் சத்தம் ஒரே சத்தம். தெருக்காரர்களுக்கு எந்தச் சத்தம் எந்த வீடு என்று தெரியும். காருக்குள் குனிந்திருந்த நதியாவின் காதில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. அடுத்த வீட்டுத் தறி நின்றது. ஓடியது. அதற்கடுத்த வீடு.

"அக்கா, அண்ணன் அஞ்சாவது வீட்டுக்கும் போறாரே," என்று தலையை நீட்டினாள். "அங்கயும் சொன்னீங்களா?"

"இல்லியே," என்றார் கமலவேணி, தெருவை எட்டிப் பார்த்து. "நாலு வீடுதான் சொன்னேன். அந்த அஞ்சாவது வீட்டுக்கு விஷயமே தெரியாது."

"கூப்பிடுங்கக்கா! வீணா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடப் போவுது."

"தெரியட்டும்," என்றார் கமலவேணி. அவர் கூப்பிடவில்லை.

கைலாசம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஆறாவது தறி நின்றது. ஏழாவது நின்றது. ஒவ்வொரு தடவையும் அந்த மெலிந்த குரல் உள்ளே தன் பேரைச் சொல்கிறது என்று நதியாவுக்குத் தெரியும். பதினோராவது தறி நின்றபோது அவளால் பிளக்கைக் கழற்ற முடியவில்லை. கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் யாரும் அவளுக்காகத் தறியை நிறுத்தியதில்லை.